நாற்பதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில்

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட் விதி மாறும்போதெல்லாம் காதில் விழுகிற பேச்சு ஒன்றுதான். லெவி ஏறிவிட்டது, கோட்டா இறங்கிவிட்டது, கம்பெனிக்காரன் என்ன செய்வான்? (லெவி என்பது ஒவ்வொரு வெளிநாட்டு ஊழியருக்கும் முதலாளி மாதா மாதம் அரசுக்குக் கட்டும் தொகை. கோட்டா என்பது ஒரு கம்பெனி எத்தனை வெளிநாட்டு ஊழியரை வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு.) ஊர்ப்பக்கம் ஏஜென்ட் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது வேறு: "அண்ணே, இப்ப பெர்மிட் போட்டா கிடைக்குமா, கிடைக்காதா?" இரண்டு கேள்விகளும் நியாயமானவைதான். ஆனால் இரண்டிலும் நடுவில் இருக்கிற மனிதர் விடுபட்டுப் போகிறார். ஏற்கெனவே அங்கே ஏழெட்டு வருடம் வேலை பார்த்தவர், தொழில் தெரிந்தவர், அடுத்த பெர்மிட் தேதியை எண்ணிக்கொண்டிருப்பவர். விதி மாற்றத்தால் அவருடைய மதிப்பு கூடுகிறது என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. மதிப்பு கூடியும் சம்பளம் ஏன் கூடவில்லை என்பது எனக்கு நெடுநாளாகவே உறுத்தல். லெவியும் கோட்டாவும் செய்தித்தாளில் வருகின்றன. அந்த மதிப்பு யார் கைக்குப் போகிறது என்பதைத் தீர்மானிக்கிற விதியோ ஒரு ஓரத்தில் கிடக்கிறது. முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறக் கிடைக்கிற, பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முன்பு தொடங்கி 21 நாள் முன்பு முடிந்துவிடுகிற ஒரு சின்ன இடைவெளி அது. கட்டுமானத் துறையை வைத்தே இதைப் பேசுகிறேன். தமிழ்நாட்டு ஆட்கள் அதிகம் போவதும் அங்கேதான், கணக்கு பளிச்சென்று தெரிவதும் அங்கேதான்.

ஓர் ஆளின் விலை

2022 தொடக்கத்தில் அறிவித்து, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றம் இது. அதுவரை ஓர் உள்ளூர் ஊழியருக்கு 7 வெளிநாட்டு ஊழியர் வரை வைத்துக்கொள்ளலாம். அது 5 ஆனது. கூடவே எம்ஒய்இ என்று சைட்டில் எல்லோரும் சொல்லும் ஒதுக்கீட்டு முறையும் போய்விட்டது. ஒப்பந்தத்தின் மதிப்பைப் பொறுத்து மெயின் கான்ட்ராக்டருக்கு இத்தனை ஆள்-வருடம் என்று கிடைக்கும், அதை அவர் சப்-கான்ட்ராக்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அந்த ஒதுக்கீட்டுக்குள் வரும் ஆளுக்கு மாத லெவி குறைவு. உயர்திறன் ஊழியருக்கு 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அடிப்படைத் திறன் ஊழியருக்கு 700 வெள்ளி. ஒதுக்கீட்டுக்கு வெளியே எடுத்தால் 600, 950. இப்போது அந்த வேறுபாடு இல்லை. உயர்திறன் என்றால் 500, அடிப்படை என்றால் 900, அவ்வளவுதான். சைட்டுக்கு வெளியே தொழிற்சாலையில் குளியலறை, அறைப்பெட்டி என்று கான்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்க்கும் வேலைக்கு மட்டும் 250, 370 என்று சலுகை விகிதம் உண்டு.

இதைக் கவனித்தால் "லெவி ஏறிவிட்டது" என்ற பேச்சு முழுக்கச் சரியில்லை என்பது தெரியும். மெயின் கான்ட்ராக்டரின் தயவில் எம்ஒய்இ வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிக்கு ஓர் ஆளுக்கு 200 வெள்ளி ஏறியது. எம்ஒய்இ கிடைக்காமல் வெளியே நின்ற சின்ன சப்-கான்ட்ராக்டருக்கோ உயர்திறன் ஆளில் 100 வெள்ளியும் அடிப்படை ஆளில் 50 வெள்ளியும் குறைந்தது. யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் புலம்பலும்.

உண்மையில் இறுக்கியது கோட்டாதான். கோட்டா கணக்கில் ஓர் உள்ளூர்க்காரர் முழு ஆளாக எண்ணப்பட வேண்டுமென்றால் அவருக்குக் குறிப்பிட்ட அளவு சம்பளம் தந்தாக வேண்டும். 2024 ஜூலையில் அந்த அளவு 1,400 வெள்ளியிலிருந்து 1,600 வெள்ளிக்குப் போனது. 800 அல்லது அதற்கு மேல், 1,600க்குக் கீழ் வாங்குபவர் அரை ஆள். 55 வயதுக்கு உட்பட்டவர் என்றால் முதலாளி மசேநிதியில், அதாவது ஓய்வுக்காலத்துக்கான மத்திய சேம நிதியில், 17 விழுக்காடு கட்ட வேண்டும், ஆக மொத்தம் 1,872 வெள்ளி. இதை 5 ஆல் வகுத்தால் ஒரு வெளிநாட்டு இடத்துக்கு 374 வெள்ளி வருகிறது. பழைய 1,400, பழைய 7 என்று போட்டால் 234. அந்த உள்ளூர் ஊழியர் ஸ்டோரிலும் ஆபீஸிலும் செய்யும் வேலைக்கு மதிப்பு உண்டு, அதைக் கழித்துக்கொள்ளலாம். கழித்தாலும், லெவி பில்லில் வராத ஒரு செலவு கூடியிருக்கிறது. பில்லில் வராததால் யாரும் இதைப் பேசுவதில்லை.

இன்னொன்று. உள்ளூர் ஊழியர் எண்ணிக்கையைக் கடைசி 3 மாத மசேநிதிச் செலுத்தல்களின் சராசரியாகத்தான் எடுக்கிறார்கள். இன்றைக்கு இருவரைச் சேர்த்தால் நாளைக்கே 10 பெர்மிட் கிடைக்காது, இடம் மெல்ல மெல்லத்தான் ஏறும். இது தெரியாமல் டெண்டர் எடுத்துவிட்டு, ஆள் கேட்டு விண்ணப்பம் போட்டு, நிராகரிப்பு வந்தபின் முழிக்கிற சின்னக் கம்பெனிகள் உண்டு. அவசரத்தில் சொந்தக்காரர் பெயரில் மசேநிதி மட்டும் கட்டி, வேலைக்கே வராதவரை ஊழியர் என்று காட்டினால் அது குற்றம். பிடிபட்டால் பெர்மிட் எடுக்கும் உரிமையே போய்விடும். அப்படிப் போகும்போது அந்தக் கம்பெனியில் உண்மையாக உழைத்துக்கொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்களின் வேலையும் சேர்ந்தே போகிறது.

தேதி வரிசையில் வெட்டு

7 என்பது 5 ஆனபோது நடந்ததை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். ஒரு கம்பெனியில் உள்ளூர் ஊழியர் 6 பேர். பழைய விதியில் 42 பேரை வைத்திருக்கலாம், புது விதியில் 30 பேர். உபரியான 12 பேரையும் மறுநாளே அனுப்பச் சொல்லவில்லை. இருக்கிற பெர்மிட் முடியும்வரை வைத்துக்கொள்ளலாம், புதுப்பிக்கத்தான் முடியாது. கேட்பதற்கு மென்மையான ஏற்பாடு. ஆனால் யார் அந்த 12 பேர் என்பதைத் தீர்மானித்தது திறமை இல்லை, காலாவதித் தேதி. பிப்ரவரியில் பெர்மிட் முடிகிறவர் கம்பெனியின் மிகச்சிறந்த ஃபார்ம்வொர்க் (கான்கிரீட் வார்க்க அச்சு அடிக்கும் வேலை) ஆளாக இருந்தாலும் அவர் பெயர்தான் முதலில் வரும். அவரைத் தக்கவைக்க வேண்டுமானால், நவம்பர் வரை பெர்மிட் இருக்கிற வேறு ஆட்களை முன்கூட்டியே கேன்சல் செய்து, எண்ணிக்கையைக் கோட்டாவுக்குள் கொண்டுவர வேண்டும்.

விவரமான கம்பெனிகள் இதை 2022லேயே எக்செல்லில் போட்டுவிட்டன. பெயர், பெர்மிட் முடியும் தேதி, உயர்திறனா அடிப்படையா, எத்தனை வருட அனுபவம், கையில் என்னென்ன சான்றிதழ் என்று ஐந்தாறு பத்திகள். தேதிப்படி வரிசைப்படுத்தி, யாரை உயர்திறனாக மாற்றலாம், யாரைப் புதுப்பிக்காமல் விடலாம் என்று நிறம் தீட்டி வைத்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருட அவகாசம் இருந்தது, ஒரு பெர்மிட்டின் ஆயுளும் பெரும்பாலும் இரண்டு வருடம்தான். அந்த அவகாசத்தைக் கம்பெனிகள் பயன்படுத்திக்கொண்டதில் தவறில்லை. பட்டியலில் சிவப்பு நிறம் விழுந்தவருக்கு அதைச் சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி. சொல்லியிருந்தால் அவர் ஆறு மாதம் முன்பே வேறு கம்பெனி தேட ஆரம்பித்திருப்பார். சொல்லாவிட்டால் டிக்கெட் போடுகிற வாரத்தில்தான் அவருக்குத் தெரியவரும். முதலாளிக்கு இரண்டு வருட முன்னறிவிப்பு கொடுக்கிற விதி, ஊழியருக்கு இரண்டு மாத முன்னறிவிப்பையாவது கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

400 வெள்ளி யாருக்கு?

அடிப்படைத் திறன் ஆளுக்கும் உயர்திறன் ஆளுக்கும் லெவியில் மாதம் 400 வெள்ளி வித்தியாசம். இரண்டு வருடப் பெர்மிட்டுக்குக் கணக்குப் போட்டால் 9,600 வெள்ளி. சைட்டில் உயர்திறனை ஆர்1 என்றும் அடிப்படையை ஆர்2 என்றும் சொல்வார்கள். ஆர்2 ஆள் ஆர்1 ஆவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. கோர்டிரேட், மல்டி-ஸ்கில்லிங் என்று சோதனை எழுதிப் போகும் வழிகள் சில. இன்னொன்று சம்பளத்தை வைத்துப் போவது: சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில் குறைந்தது 6 வருட அனுபவம், நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 1,600 வெள்ளி. இந்த இரண்டும் இருந்தால் சந்தையே அவர் திறமைக்குச் சான்று கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கடைசி வழியில் ஒரு நேர்த்தி இருக்கிறது. 1,200 வெள்ளி வாங்கும் 6 வருட அனுபவஸ்தருக்குச் சம்பளத்தை 1,600 ஆக்கினால் முதலாளிக்குக் கூடும் செலவு 400. லெவி 900லிருந்து 500க்கு இறங்குவதால் மிச்சமாவதும் 400. முதலாளி கையிலிருந்து ஒரு காசு கூடப் போகவில்லை, அரசுக்குப் போன பணம் ஊழியருக்குத் திரும்புகிறது. லெவி என்ற கருவியை இதைவிட நல்லபடியாகப் பயன்படுத்த முடியாது.

கணக்கு கசிகிற இடம் சோதனை வழி. அதே ஊழியர் சோதனை எழுதி ஆர்1 ஆனால் சம்பளத்தை உயர்த்த வேண்டிய கட்டாயமில்லை. பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒருமுறை செலவு செய்த பிறகு மாதா மாதம் 400 வெள்ளி முதலாளிக்கே மிச்சம். அதில் 50 வெள்ளியை ஏற்றிக் கொடுத்து "இன்க்ரிமென்ட் போட்டாச்சு" என்று முடித்துவிடலாம். இத்தனைக்கும் ஆர்1 என்ற தகுதி கம்பெனியின் சொத்து இல்லை. அவர் வேறு கம்பெனிக்குப் போனால் அது அவரோடு போகும், புது முதலாளிக்கும் 500 வெள்ளி லெவிதான். ஆக, அவர் எங்கே போனாலும் அந்த முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம் தரக்கூடியவர். போக முடிந்தால்தான் அதைச் சொல்லிப் பேரம் பேச முடியும்.

சம்பள வழியிலும் ஒரு பொறி உண்டு, ஐபிஏ எனும் பெர்மிட் முன் ஒப்புதல் கடிதத்தைப் பார்க்கும்போதே கவனிக்க வேண்டியது. நிலையான மாதச் சம்பளம் என்றால் அடிப்படைச் சம்பளமும் நிலையான அலவன்ஸ்களும் சேர்ந்தது. ஆனால் ஓடி (ஓவர்டைம்) கணக்குக்கு அலவன்ஸ் வராது, அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். மாதச் சம்பளத்தை 12 ஆல் பெருக்கி, 52 பெருக்கல் 44 என்ற 2,288 மணியால் வகுத்தால் ஒரு மணி விகிதம் வரும், அதில் ஒன்றரை மடங்கு ஓடி. 1,600 வெள்ளியும் அடிப்படைச் சம்பளமாக இருந்தால் ஒரு மணி ஓடி 12 வெள்ளி 59 காசு. அதே 1,600ஐ அடிப்படை 700, அலவன்ஸ் 900 என்று பிரித்து எழுதினால் ஒரு மணி ஓடி 5 வெள்ளி 51 காசு. சட்டம் அனுமதிக்கும் மாத உச்சம் 72 மணி ஓடி. அத்தனையும் பார்த்தால் இரண்டுக்கும் சுமார் 510 வெள்ளி வித்தியாசம். காகிதத்தில் இரண்டு பேரும் 1,600 வெள்ளிக்காரர்கள்தான். ஐபிஏ தமிழிலும் வருகிறது. அதில் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடக் கூடாது. அடிப்படை எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று மூன்று வரிகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஐபிஏவில் எழுதியதற்குக் கீழே சம்பளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் ஊழியரின் எழுத்துபூர்வ சம்மதமும் மனிதவள அமைச்சுக்கு அறிவிப்பும் வேண்டும். வந்து இறங்கியபின் வேறொரு தாளில் கையெழுத்து வாங்குவதால் ஐபிஏ செல்லாமல் போகாது.

அந்த 19 நாள்

எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கும் ஐடி ஊழியரும் எஸ் பாஸில் இருக்கும் டெக்னீஷியனும் வேலை மாற நினைத்தால் புது கம்பெனி விண்ணப்பிக்கும், பழைய கம்பெனியின் சம்மதம் தேவையில்லை. ஒர்க் பெர்மிட் ஊழியருக்கு அப்படியில்லை. கட்டுமானத் துறையில் பெர்மிட் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் மாற வேண்டுமென்றால் தற்போதைய முதலாளி சம்மதிக்க வேண்டும். அவர் சம்மதம் தேவைப்படாத ஒரே காலம், பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முன்பிருந்து 21 நாள் முன்பு வரை. ஜூன் 30 அன்று முடியும் பெர்மிட் என்றால் மே 21 முதல் ஜூன் 9 வரை. அதற்கு முன்பும் சம்மதம் வேண்டும், அதற்குப் பின்பும் சம்மதம் வேண்டும். இரண்டு வருடத்தில் பேரம் பேசக் கிடைப்பது மூன்று வாரம் கூட இல்லை. இந்த விதியைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் மேலே சொன்ன 400 வெள்ளி ஏன் ஊழியருக்கு வந்து சேருவதில்லை என்பது விளங்கும்.

அந்த நாட்களில் நடக்க வேண்டியவை இவை. புது கம்பெனிக்குக் கோட்டாவில் இடம் இருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் நாளில் இருக்க வேண்டும், அடுத்த மாதம் வரும் என்பது போதாது. ஊழியரின் எழுத்துபூர்வ சம்மதம், பாஸ்போர்ட் நகல், திறன் சான்றிதழ் விவரம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 35 வெள்ளி, பெர்மிட் வழங்க இன்னொரு 35. ஐபிஏ வந்தபின் மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளி பாதுகாப்புப் பிணை, மருத்துவக் காப்பீடு, தங்குமிட முகவரி. காப்பீட்டின் குறைந்தபட்சத் தொகை 2023 ஜூலையில் வருடத்துக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 ஆனது, அந்தப் பிரீமியமும் முதலாளியின் கணக்கில்தான். இவற்றில் எதையும் ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, லெவியையும் பிடிக்கக் கூடாது.

40ஆம் நாள் காலையிலேயே விண்ணப்பம் போவது மிகவும் முக்கியம். ஒரு கம்பெனி நிராகரிக்கப்பட்டால் இன்னொரு கம்பெனி விண்ணப்பிக்க அப்போதுதான் நாள் இருக்கும். 25ஆம் நாள் போட்டு, 20ஆம் நாள் நிராகரிப்பு வந்தால் கதை முடிந்தது. ஆகவே தேடலைத் தொடங்க வேண்டியது 40ஆம் நாள் இல்லை, அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூடும்போது பேசி வைப்பது, பழைய சூப்பர்வைசர் இப்போது எந்த கம்பெனியில் இருக்கிறார் என்று பார்த்து வைப்பது எல்லாம் அந்த மாதங்களில் நடக்க வேண்டியவை.

அந்த இடைவெளி திறக்கவே திறக்காமல் போவதும் உண்டு. புதுப்பித்தல் அறிவிப்பு முதலாளிக்குப் பெர்மிட் முடிய 6 முதல் 8 வாரம் முன்பே வந்துவிடுகிறது. 8 வாரம் என்றால் 56 நாள். அறிவிப்பு வந்த கையோடு அவர் புதுப்பித்துவிட்டால் காலாவதித் தேதி இரண்டு வருடம் தள்ளிப் போய்விடும், 40ஆம் நாள் என்ற ஒன்றே வராது. நல்ல ஆள் என்பதால் சீக்கிரம் புதுப்பித்தோம் என்று முதலாளி சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் புதுப்பித்துவிட்டு கார்டை மட்டும் கையில் கொடுப்பது பேரத்தின் வாயை அடைப்பதுதான். நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. வேறு கம்பெனி தேடுகிறார் என்று தெரிந்ததும், 40ஆம் நாள் வருவதற்குள் பெர்மிட்டைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடலாம். ஒர்க் பெர்மிட்டை எப்போது வேண்டுமானாலும் கேன்சல் செய்யும் உரிமை முதலாளிக்கு இருக்கிறது. ஆகவேதான் தேடுகிறவர்கள் யாரிடமும் சொல்லாமல் தேடுகிறார்கள், இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் நம்பாமல் கடைசி மாதத்தைக் கழிக்கிறார்கள். சம்பளப் பாக்கி இருந்து, அந்தப் புகாரில் உண்மை இருப்பதாகத் தெரிந்தால் அமைச்சு வேறு முதலாளியிடம் மாற அனுமதிப்பதுண்டு. ஆனால் முறையாகச் சம்பளம் தந்து, குறைவாகத் தருகிற முதலாளியிடமிருந்து மாற அந்த வழி உதவாது.

சமையலறைக்கு வந்த விதி

கட்டுமானத்துக்கு வெளியே ஒரு மாற்றத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் தொடர்புடையது. சேவைத் துறையில் இந்தியர்களுக்கு ஒர்க் பெர்மிட் கிடையாது என்பதால் உணவகங்கள் சமையல்காரரை எஸ் பாஸில்தான் எடுத்து வந்தன. எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் ஏறிக்கொண்டே வந்து 2025 செப்டம்பரில் 3,300 வெள்ளி ஆனது, அதுவும் இளையவருக்கு. வயது கூடக் கூட அதுவும் கூடும். 2022இல் 330 வெள்ளியாக இருந்த தொடக்க லெவி இப்போது எல்லோருக்கும் 650. சேவைத் துறையில் எஸ் பாஸ் மொத்த ஊழியரில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பரோட்டா மாஸ்டருக்கும் தோசை மாஸ்டருக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது என்று உணவகக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டு, 2023 செப்டம்பரில் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு ஒர்க் பெர்மிட் திறந்தது. மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம், இப்படி வருகிறவர்கள் கம்பெனியின் மொத்த ஊழியரில் 8 விழுக்காட்டுக்குள். 25 பேர் வேலை செய்யும் உணவகத்துக்கு 2 பேர். 2025 செப்டம்பரில் மற்ற வகை உணவகச் சமையல்காரர்களுக்கும் கனரக வாகன ஓட்டுநர்களுக்கும் அந்தப் பட்டியல் விரிந்தது.

இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாத உயரத்தில் இருக்கும்போது, காகிதத்தில் ஒரு தொகை எழுதி, வங்கியில் போட்டு, பிறகு ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்ளும் தந்திரம் பெருகுகிறது. வேலை தருவதற்குக் கைமாறாகப் பணம் வாங்குவது வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டப்படி 30,000 வெள்ளி வரை அபராதமும் 2 வருடம் வரை சிறையும் கிடைக்கக்கூடிய குற்றம். இருந்தும் புகார் கொடுத்தால் வேலை போகும் என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. 2,000 வெள்ளி என்று உண்மையாகவே எழுதி, உண்மையாகவே கொடுப்பது 3,300 என்று பொய்யாக எழுதுவதைவிட எல்லோருக்கும் மேல்.

ஊர்ப்பக்கக் கடன்

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி ஊழியரிடம் வாங்கக்கூடியது, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். இந்தியாவில் பதிவுபெற்ற ஆட்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. நடப்பில் லட்சங்களில் பேசுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்கில் டெஸ்ட் பயிற்சிக்குத் தனி, டெஸ்டுக்குத் தனி, "கம்பெனிக்குக் கொடுக்கணும்" என்று தனி. குடிபெயர்வு அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும் என்று இந்திய அரசு பட்டியலிட்டிருக்கும் 18 நாடுகளில் சிங்கப்பூர் இல்லை. மலேசியாவும் வளைகுடா நாடுகளும் இருக்கின்றன. அதனால் சிங்கப்பூர் போகிறவரின் ஒப்பந்தத்தைப் புறப்படும் முன் இந்தியப் பக்கத்தில் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

இந்தக் கடனுக்கும் மேலே சொன்ன 19 நாளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. முதல் பெர்மிட் காலத்தில் கடன் அடையாதவர், கம்பெனி எவ்வளவு குறைவாகத் தந்தாலும் மாறும் அபாயத்தை எடுக்க மாட்டார். கேன்சல் ஆகி ஊருக்குப் போனால் மறுபடி ஏஜென்ட், மறுபடி கடன். அவருக்கு 40ஆம் நாள் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். கோட்டா குறைந்ததால் புது ஆளுக்கான இடங்கள் சுருங்கும்போது, அந்த இடத்தைப் பிடித்துத் தருகிறேன் என்று கேட்கும் விலையும் ஏறுகிறது. ஆட்களைக் குறைக்கப் போட்ட விதி, ஏஜென்ட்டின் சரக்குக்கு விலையேற்றிக் கொடுத்துவிடுகிறது.

63 வயது வரை

2025 ஜூலை 1 முதல் இன்னொரு பெரிய மாற்றம். அதுவரை அடிப்படைத் திறன் ஊழியர் 14 வருடம், உயர்திறன் ஊழியர் 26 வருடம் என்று உச்ச வரம்பு இருந்தது. அது முழுதாக நீங்கியது. வயது வரம்பு 60லிருந்து 63 ஆனது, புதிதாக விண்ணப்பிப்போருக்கு 61. 24 வயதில் போய், 14 வருடம் தொழில் கற்று, 38 வயதில் ஆர்2 என்பதாலேயே திரும்பி வந்தவர்கள் ஊரூருக்கு இருக்கிறார்கள். இனி அப்படி நடக்காது. முதலாளிக்குப் பழகிய கை தங்கும், ஊழியருக்குக் கணக்கிட்டு வாழ ஒரு காலம் கிடைக்கும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நன்மை செய்யும் விதி மாற்றம் அபூர்வம், இது அந்த வகை.

ஆனால் 63 வயது வரை உழைப்பவருக்கு ஓய்வுக்கால நிதி என்று அங்கே எதுவும் சேராது. ஒர்க் பெர்மிட் ஊழியருக்கு மசேநிதி கிடையாது, குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் முடியாது. அவர் பெயரில் ஆர்1 விகிதத்தில் 20 வருடம் லெவி கட்டினால் 1,20,000 வெள்ளி. அத்தனையும் அரசுக் கருவூலத்துக்கு. அதில் ஒரு பங்கையாவது, மாதம் 50 வெள்ளியாவது, அவர் நாடு திரும்பும்போது எடுத்துக்கொள்ளும்படி ஒதுக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. கால வரம்பு இருந்தபோது "கொஞ்ச நாள் வந்து போகிறவர்" என்று சொல்லிவிட முடிந்தது. வரம்பை நீக்கியபின் அந்தப் பதில் பொருந்தாது.

நீண்ட காலம் இருக்கலாம் என்றானபின் 40க்கும் 21க்கும் இடையிலான அந்தக் கட்டுப்பாட்டுக்கும் நியாயம் குறைந்துவிட்டது. ஒப்பந்தக்காரர்கள் தரப்பில் ஓர் எதிர்வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. ஆர்2 ஆளுக்குப் பயிற்சிக்கும் சோதனைக்கும் நாங்கள் செலவு செய்வோம், ஆர்1 ஆனதும் பக்கத்து கம்பெனி 100 வெள்ளி கூட்டிக் கொடுத்து இழுத்துக்கொள்ளும், பிறகு எவன் பயிற்சி கொடுப்பான் என்கிறார்கள். சின்ன கம்பெனிகளுக்கு இது நிஜமான இழப்பு. ஆனால் இதற்கு மருந்து ஊழியரைக் கட்டிப்போடுவது இல்லை. முதல் பெர்மிட்டில் 12 மாதம் கழிந்தபின் எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத நோட்டீஸில் மாறலாம் என்று விடலாம். பழைய முதலாளி கடைசி இரண்டு வருடத்தில் ரசீதோடு காட்டும் பயிற்சி, சோதனைச் செலவை மீதமுள்ள பெர்மிட் மாதங்களின் விகிதத்தில் புது முதலாளி ஈடுகட்டட்டும். 24 மாதப் பெர்மிட்டில் 6 மாதம் மீதி இருந்தால் கால் பங்கு. அந்தத் தொகை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கப்படக் கூடாது, லெவி கட்டும் அதே ஜைரோ (வங்கியிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாடு) கணக்கு வழியாகக் கம்பெனிக்குக் கம்பெனி போய்விட வேண்டும். மாதம் 400 வெள்ளி லெவி மிச்சமாகிற ஆளை எடுக்கும் கம்பெனிக்கு இந்தச் செலவு பாரமாக இருக்காது.